மாறி மாறி வாசித்த சங்கீதம்

எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் பைபிளின் சங்கீதம் வாசிக்க ஒரு முறை இருந்தது. ஆயர் எண்ணைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நிற்போம். முதல் வசனத்தைக் கடல் பக்கத்துப் பெஞ்சுகள் வாசிக்கும். அடுத்ததை ரோட்டுப் பக்கத்துப் பெஞ்சுகள். கடைசி வசனம் வரை இப்படியே மாறி மாறிப் போகும். திருவொற்றியூரில் கடலுக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலைக்கும் நடுவில் கோயில் இருப்பதால் அந்தப் பெயர்கள். யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் யாரும் இடம் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா ரோட்டுப் பக்கம், நாலாவது பெஞ்சு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல். தண்ணீர் வேண்டும் என்றாலும் 'அதான்', கோபம் வந்தாலும் 'அதான்'. அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அம்மாவிடம் சொன்னார்: "தனியா பேசச் சொல்லாதீங்கம்மா. மனப்பாடமா தெரிஞ்சத நாலு பேரோட சேந்து சொல்லச் சொல்லுங்க. சில பேருக்கு அப்படி வரும்."

வந்தது. ஒரு ஞாயிறு ரோட்டுப் பக்கத்தின் முறை வந்தபோது, முப்பது நாற்பது குரல்களுக்கு நடுவில் அப்பா ஒரு வசனத்தை முழுதாகச் சொன்னார். அம்மா புத்தகத்தை மூடிவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் நானும் அம்மாவும் சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். இரண்டு குரலுக்கு அது வரவில்லை. வாரத்தில் ஒரு முறை, ஒரு சங்கீதத்தில் பாதி. அப்பாவின் பேச்சு அவ்வளவுதான்.

பிறகு சபைக் கமிட்டித் தேர்தல் வந்தது. மணலியில் உரக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், ரோட்டுப் பக்கத்துக்காரர், செயலாளர் ஆனார். தோற்றவர் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர், கடல் பக்கம். இந்த இருவரும் தேவனைத் தேடி வருகிறவர்கள் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் சண்டையைச் சங்கீதத்துக்குள் கொண்டுபோவார்கள் என்றும் நினைக்கவில்லை.

கடல் பக்கம்தான் ஆரம்பித்தது. ரோட்டுப் பக்கம் கடைசிச் சொல்லை முடிப்பதற்குள் தங்கள் வசனத்தை எடுத்தார்கள். அடுத்த வாரம் ரோட்டுப் பக்கம் அதையே திருப்பிச் செய்தது. அதற்கடுத்த வாரம் சத்தமும் சேர்ந்தது. நாலு நிமிடம் எடுத்த சங்கீதம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. வசனம் எது, எதிர்ப் பக்கத்துக் கூச்சல் எது என்று பிரிக்க முடியவில்லை. எதிரிகளை மன்னிக்கச் சொல்லும் பிரசங்கத்தை அதே வாயோடு உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்பா முதல் வாரம் பாதி வசனம் சொன்னார். மூன்றாவது வாரம் 'அதான்' மட்டும்.

ஆராதனை முடிந்ததும் செயலாளரைப் பிடித்தேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. எனக்கு மட்டும் ஆசையா? அவங்க ஓடினா நாமளும் ஓடித்தானே ஆகணும். நாம மெதுவா வாசிச்சா தோத்துட்டோம்னு நெனச்சிக்குவான்."

இரும்புக் கடைக்காரர் வெளியே பைக் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, அப்பாவுக்கு ஒடம்பு எப்டி கீது?" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பாவந்தான். அதுக்கு இன்னா பண்ண சொல்ற? அந்தாண்ட போய் சொல்லு. செத்த வூட்ல அழுவுற மாரி இஸ்துகினு கீறானுங்க. நாங்க அதுக்குள்ள தூங்கிட மாட்டோம்?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆயருக்குக் கடிதம் எழுதினேன். நேரில் பேசியிருக்கலாம். பத்திரிகையில் இருபது வருடமாகப் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பவனுக்கு எழுதினால்தான் வேலை நடக்கும் என்று ஒரு எண்ணம். எழுதிய விதமும் அந்த வேலையின் விதம்தான். பெரிய விஷயம் மேலே: சங்கீதம் வாசிக்கும்போது இரு பக்கமும் போட்டியிடுவதால் ஆராதனையின் ஒழுங்கு கெடுகிறது. அதன் கீழே எப்போது தொடங்கியது, எப்படி நடக்கிறது. கடைசி வரியில், நிதானமாக வாசித்தால் பேச்சிழந்த ஒருவருக்கு உதவும் என்று எழுதினேன். சொந்த விஷயம் தலைதூக்கக் கூடாது என்று 'என் அப்பா' என்ற சொல்லைத் தவிர்த்தேன். எங்கள் தொழிலில் இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவோம். அதைத் தெரிந்தவன்தான் அந்த வரியைக் கீழே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் ஆயர் என் முதல் பத்தியை ஏறக்குறைய அப்படியே வாசித்தார். "சபையார் ஒருவர் எழுத்து மூலமாகத் தெரிவித்திருக்கிறார். ஆகவே ஒழுங்கை முன்னிட்டு, இனிச் சங்கீதத்தை நான் மட்டும் வாசிப்பேன். சபையார் அமைதியாக நின்று கேட்கவும்."

அன்றே அது நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் எழுந்தார்கள், அப்பாவும் எழுந்தார். ஆயர் மைக்கில் முதல் வசனத்தை வாசித்தார். இரண்டாவது வசனத்துக்கு அப்பா வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒரு குரலும் இல்லை. "அதான்" என்றார். சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக, "அதான், அதான்." முன் பெஞ்சிலிருந்து செயலாளர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆயரை அவர் அறையில் பார்த்து, அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "உங்க அப்பாவா? அத மொதல்லயே எழுதியிருக்கலாமே பிரதர்," என்றார். "அறிவிச்சாச்சு. ஒடனே மாத்தினா ரெண்டு பக்கமும் என்னைக் கேள்வி கேக்கும். கொஞ்ச நாள் போகட்டும்." மேசை மேல் என் கடிதம் இருந்தது. ஒரே தாள். மடிப்புக்குக் கீழே அவர் கண் போனதாகத் தெரியவில்லை.

படியில் செயலாளரும் இரும்புக் கடைக்காரரும் சேர்ந்து நின்றிருந்தார்கள். தேர்தலுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டு நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"பேப்பர்காரன் புத்திய காட்டிட்டியே நைனா," என்றார் கடைக்காரர். "வூட்டு சண்டய எழுதிக் குட்த்துட்ட."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிச்சிருப்பேன்," என்றார் செயலாளர். முகத்தில் கூச்சம் துளியும் இல்லை.

 வீட்டில் அப்பா சட்டையைக் கழற்ற உள்ளே போனதும் அம்மா கேட்டார்.

"ஒங்கப்பாவப் பத்தி எழுதினியா, இல்லியா?"

"எழுதினேம்மா. கடைசி வரியில."

"கடைசில ஏன்டா எழுதின?"

 சரியான பதில் இருந்தது, பத்திரிகை வேலையில் இருப்பவர்களுக்குப் புரியக்கூடிய பதில்.

அடுத்த ஞாயிறு அம்மா வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். அப்பா அதை மடிப்புக் கலையாமல் பீரோவில் திருப்பி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அம்மா மறுபடி எடுத்தார். அவர் மறுபடி வைத்தார்.  எட்டரைக்குக் கோயில் மணி அடித்தது. அன்று எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.