ப. நெய்

1

கதவைத் திறந்தபோது நெய் வாசனை வரவில்லை. அப்போதே ஏதோ தப்பு என்று தெரிந்தது. நான்கட்டாய் பிஸ்கட் சுட்ட வீட்டில் மாடிப்படி வரைக்கும் நெய் மணக்க வேண்டும்.

பல வருடம் பிறருடைய பேக்கரிகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது செம்பூரில் வீட்டிலேயே பேக்கரி நடத்துகிறேன். எங்கள் சர்ச் ஆட்களும் கோவாக்காரர்களும் பன்றி நெய்யில் செய்த பட்டீஸ் கேட்பார்கள். சைவக்காரர்களுக்குப் பசு நெய்யில் நான்கட்டாய். ஓவன் வேறு, ட்ரே வேறு, அலமாரி வேறு. அதைச் சொல்லித்தான் ஆர்டர் எடுப்பேன்.

பன்றி நெய் எங்கள் சொந்தச் சரக்கு. என் மச்சான் செல்வராஜ் உல்லாஸ்நகருக்கு அப்பால் வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்க்கிறான். அறுக்கும் அன்று நானும் போவேன். குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றியிருக்கும் கொழுப்புதான் பேக்கிங்குக்கு நல்லது. பொடியாக நறுக்கி, கனத்த பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு சிம்மில் வைக்க வேண்டும். தண்ணீர் சுண்டும்வரை சடசடக்கும். சத்தம் அடங்கி, சக்கை பொன்னிறமானதும் துணியில் வடிகட்ட வேண்டும். தீ கூடினால் நிறம் மாறி வாடை பிடித்துவிடும். ஒழுங்காக உருக்கினால், ஆறியதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். மோந்தாலும் ஒன்றும் தெரியாது. அதில் எங்களுக்குப் பெருமை. அன்று அதுவே வினையானது.

2

காலையில் நான் மொத்தக் கடைக்கு மைதா வாங்கப் போயிருந்தபோது மச்சான் புது டின்னை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கவும் ஆட்களைப் பார்க்கவும் போயிருக்கிறான். டின்மேல் மார்க்கரில் 'ப. நெய்' என்று எழுதியிருந்தான். குளித்துவிட்டு வந்த என் மகள் ஜெனி, பசு நெய் கொடுக்கும் தமிழ்க் கடைக்காரர் வைத்துவிட்டுப் போனதாக நினைத்துவிட்டாள்.

"எந்த டின்னுலம்மா எடுத்த?"

"அதாம்ப்பா. ப. நெய். பசு நெய்தானே? நானே தமிழ்ல வாசிச்சேன்!"

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

வாசலில் வந்து நின்ற மச்சான் கேட்டான்: "ஏட்டி, நான் பன்னி வளக்கேனா, பசு வளக்கேனா?"

நான்கட்டாய் டப்பாக்கள் ஏற்கெனவே மாட்டுங்காவுக்குப் போய்விட்டன. ஆர்டர் கொடுத்த கோமதி மாமி வீட்டில் அன்று மாலை மகளுக்குச் சீமந்தம். வீடு நிறைய சைவ விருந்தாளிகள். செய்தவள் என் மகள். இந்தக் காலத்தில் ஒரு வீடியோ போதும், ஊரே எங்கள் வாசலில் வந்து நிற்கும். எனக்குக் கை நடுங்கியது, போனில் நம்பரைத் தேடவே முடியவில்லை.

"முட்டை கலந்துட்டுன்னு சொல்லுங்க அத்தான். அவங்களே தூரப் போட்ருவாங்க," என்றான் மச்சான்.

"முட்டை சாப்பிடுற யாராச்சும் எடுத்துத் தின்னுட்டா? சும்மா இருங்க மாமா," என்று சொல்லி ஜெனி என் கையிலிருந்து போனை வாங்கினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, நான் ஜெனி. யாராச்சும் நான்கட்டாய் சாப்ட்டீங்களா?"

"இன்னும் டப்பாவே பிரிக்கலையேடி. ஏன்?"

"பிரிக்காதீங்க. அதுல பன்னிக் கொழுப்பு இருக்கு. நான்தான் டின் மாத்தி எடுத்துட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

 "பெருமாளே!" என்றார் மாமி. "நீயே வந்து எடுத்துண்டு போ. நான் அதைத் தொடமாட்டேன்."

நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வந்தா அங்க அழுதுருவீங்கப்பா," என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்துத் தனியாகப் போனாள்.

3

எல்லா டப்பாவோடும் திரும்பி வந்தாள்.

"மாமி என்ன சொன்னாங்க?"

"இனிமே நம்மகிட்ட ஆர்டர் கிடையாதாம். காபி குடுத்தாங்க."

ஒன்றை எடுத்து உடைத்துத் தின்றேன். வாயில் வைத்ததும் கரைந்தது. இத்தனை வருடத்தில் என் கைக்கு அப்படி வந்ததில்லை. மறுநாள் சர்ச் ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லியே கொடுத்தோம். ஜெனி போட்டதா என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சரக்கு மாறிப்போனால் முதலில் போன் செய்து உள்ளதைச் சொல்லுங்கள். நடுங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நான் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.