அடுப்புச் சுவரோரம் அடுக்கிய டயர்கள்

எங்கள் ஊர் ரொட்டிக்காரன் வில்பெர்ட் தேலன் பந்தய டயர்களை அடுப்புச் சுவரின் பின்பக்கத்து அறையில் அடுக்கி வைப்பான். மாவு மூட்டைகள் ஒரு பக்கம், நான்கு சக்கரங்கள் மறுபக்கம். நடுவில் அவன் மனைவி ஆக்னெஸ் ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். ரொட்டியில் ரப்பர் வாசம் வருகிறது என்று ஊரில் கேலி செய்வார்கள். வராது. நான் தினமும் வாங்கிச் சாப்பிட்டவன்.

ஜெர்மனியின் ஐஃபெல் மலையில் நூர்பர்க் பந்தயப் பாதைக்கு அருகில் இருப்பவர்களுக்கு அந்த டயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூடேறினால் சாலையைப் பசை போலப் பிடிக்கும். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் பிளாஸ்டிக் வாளியின் அடிப்பாகம் மாதிரி இறுகிவிடும். எங்கள் பக்கத்தில் ஏப்ரலிலும் காலையில் ஏழு டிகிரியைப் பார்ப்பது அரிது. முப்பத்தெட்டு வருடமாக இந்த மலையின் வெப்பநிலையைத் தினம் மூன்று வேளை குறித்து வருபவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

வில்பெர்ட் விடிவதற்கு முன்பே ரொட்டி சுட்டு முடிப்பான். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டியதும், வெதுவெதுப்பான சக்கரங்களைத் தன் பழைய இரண்டு கதவு வண்டியில் மாட்டிக்கொண்டு பந்தயப் பாதைக்குப் போவான். கொலோன் நகரத்திலிருந்து புத்தம் புது வண்டியில் வருகிறவர்கள் முதல் சுற்றில் டயர் சூடேறக் காத்திருக்கும்போது இவன் தாண்டிப் போய்விடுவான். இத்தனை வருடத்தில் தடுப்புக் கம்பியை ஒரு முறைகூட உரசியதில்லை. அதைச் சாப்பாட்டு மேஜையிலும் சொல்வான், சவ ஊர்வலத்திலும் சொல்வான்.

நான் சொல்லப் போவது ஒரு நவம்பர் பதினொன்றாம் தேதி நடந்தது. புனித மார்ட்டின் நாள். இருட்டும் வேளையில் பிள்ளைகள் காகித விளக்கு ஏந்தி, மார்ட்டின் வேடமிட்ட குதிரைக்காரர் பின்னால் ஊர்வலம் போவார்கள். முடிவில் பெரிய நெருப்பு மூட்டுவார்கள்; ஆளுக்கொரு வெக்மன் ரொட்டி கிடைக்கும். மனித உருவம், திராட்சைக் கண், வாயில் களிமண் புகைக்குழாய். அந்த ரொட்டிகளை வருடாவருடம் வில்பெர்ட்தான் சுட்டுக் கொடுப்பான்.

எங்கள் ஊர் மலை மேல். தேவாலயமும் பள்ளியும் கீழே ஆற்றங்கரையில். ஊர்வலம் அங்கேதான். இடையில் காட்டு வழியாக ஒரே ஒரு இறக்கச் சாலை.

அன்று மத்தியானம் ரொட்டி வேனின் கிளட்ச் போய்விட்டது. ஆக்னெஸ் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு ட்ரியர் நகரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். மிச்சம் இருந்தது, சக்கரம் கழற்றி முட்டுக்கட்டை மேல் நிறுத்தியிருந்த பந்தய வண்டிதான். போன ஞாயிறு அந்த வருடத்தின் கடைசிச் சுற்று ஓட்டியவன் குளிர்கால டயரை இன்னும் மாட்டவில்லை. அதைக் கொண்டுவர டயர்க் கடைக்குப் போக வேண்டும். அதற்கும் வண்டி வேண்டும்.

எதிர்வீட்டு ஹெரிபெர்ட் ட்ராக்டரும் தட்டு வண்டியும் வைத்திருப்பவர். ரொட்டியைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக வந்து சொன்னார்.

"என் ரொட்டி டீசல் நாத்தத்தோட போகாது," என்றான் வில்பெர்ட்.

"ஓ, ரப்பர் நாத்தம்னா பரவாயில்லையா?"

வில்பெர்ட் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். அன்று முழுக்க அடுப்பு எரிந்ததில் அவை கை பொறுக்காத சூட்டில் இருந்தன. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். வெளியே மூன்று டிகிரி என்றேன்.

"டயர்ல எத்தனை டிகிரி, அதைச் சொல்லுங்க அல்பின் அண்ணே."

எனக்கு அது தப்பாகப் படவில்லை. சாலையில் பனி உறைந்தால்தான் குளிர்கால டயர் கட்டாயம்; அன்று உறையவில்லை, போலீஸ்காரர் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. சக்கரங்களை மாட்டிவிட்டு, பின் இருக்கை கழற்றப்பட்டிருந்த இடத்தில் ரொட்டித் தட்டுகளை அடுக்கினோம். கடைசித் தட்டு என் மடியில்.

ஊர் எல்லை வரை வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போனது. பார்த்தீங்களா என்று இரண்டு தடவை கேட்டான். மெதுவாகத்தான் ஓட்டினான். தப்பு அங்கேதான் இருந்தது. டயர் தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேகமும் உரசலும் வேண்டும். ரொட்டி நசுங்காமல் இருக்க ஊர்ந்துகொண்டு போகிறவனுக்கு இரண்டும் கிடையாது. அடுப்பு கொடுத்ததைக் குளிர்ந்த சாலை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் எட்டாத சாலை. உதிர்ந்த இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. இரண்டாவது வளைவில் வில்பெர்ட் ஸ்டியரிங்கைத் திருப்பினான். வண்டி திரும்பவில்லை. சத்தமே இல்லை. சறுக்குமரத்தில் உட்கார்ந்தது போல நேராகப் போனோம். சாலையோரத்து இலைக் குவியலில் மூக்கை நுழைத்து வண்டி நின்றது. என் மடித் தட்டில் ஒரு புகைக்குழாய் மட்டும் உடைந்தது.

வில்பெர்ட் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் எடுத்துச் சாலையில் ஏற்றியிருக்கலாம். இறங்கி முன் டயரைத் தொட்டான். நானும் தொட்டேன். கல்.

அங்கிருந்து மரங்களுக்கு நடுவே கீழே பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் காகித விளக்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. சாலை நேராகப் போய் முடிவது அந்தப் பாலத்தில். பிள்ளைகள் நிற்பது சாலையில்.

மெதுவாகப் போனால் சமாளித்துவிடலாமே என்றேன். அவன் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வளைவுல இலை இருந்துச்சு, நின்னுச்சு. அங்க நிக்கலைன்னா?"

என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டான். அவன் தன் வண்டிச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு போனை எடுத்தான். யாரைக் கூப்பிடப் போகிறான் என்று தெரிந்தது. பெயரைத் தேடிக்கொண்டே நின்றான், அழுத்தவில்லை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அழுத்தினான்.

போன் மணி எங்களுக்குப் பின்னால், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒலித்தது. ட்ராக்டர் வந்து நின்றது. தட்டு வண்டியைக் கழுவித் துடைத்து, சுத்தமான வெள்ளைத் துணி விரித்திருந்தார் ஹெரிபெர்ட்.

"கடையிலேர்ந்தே பின்னாடி வர்றியா?" என்றான் வில்பெர்ட்.

"வாசம் பிடிச்சு வந்தேன்."

அவ்வளவுதான். அங்கே அதற்குமேல் ஹெரிபெர்ட் ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. மூவரும் தட்டுகளை மாற்றி ஏற்றினோம். வில்பெர்ட் தட்டு வண்டியின் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து, குலுங்கும்போதெல்லாம் துணியை இழுத்து மூடிக்கொண்டே வந்தான்.

பாலத்துக்கு நாங்கள் வந்தபோது ஊர்வலம் இன்னும் புறப்படவில்லை. குதிரை ட்ராக்டரைப் பார்த்து இரண்டடி பின்வாங்கியது. அதன் பின்னால் நின்றிருந்த சின்னப் பிள்ளைகள் ஓரமாக ஒதுங்க நேரமாயிற்று. ஒரு பெண் குழந்தையின் விளக்கு சாலை நடுவில் விழுந்து, அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஹெரிபெர்ட் பிரேக்கை மிதித்தார். வயல் சேற்றில் ஓடும் பெரிய டயர்கள் மிதித்த இடத்திலேயே நின்றன.

வில்பெர்ட் அந்தக் குழந்தையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நீளமாக மூச்சு விட்டான். குளிரில் அது வெள்ளையாகத் தெரிந்தது.

ரொட்டியை அவன்தான் கையால் எடுத்துக் கொடுத்தான். எல்லாருக்கும் இருந்தது. உடைந்த புகைக்குழாய்க்காரனை ஹெரிபெர்ட்டுக்குக் கொடுத்தான். அவர் நெருப்பருகில் நின்று முதலில் தலையைக் கடித்துத் தின்றுவிட்டு, ரப்பர் இல்லை, வெண்ணெய்தான் என்று சான்று சொன்னார். வில்பெர்ட் அன்றைக்குச் சிரித்த மாதிரி சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வண்டி நான்கு நாள் இலைக் குவியலில் நின்றது. யாரோ அதன் கூரையில் ஒரு காகித விளக்கை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தினமும் காலையில் வில்பெர்ட் என் வாசலுக்கு வந்து எத்தனை டிகிரி என்று கேட்பான். நான் சொல்வேன். "அப்ப இருக்கட்டும்," என்று ரொட்டியை நீட்டிவிட்டு நடப்பான். ஐந்தாம் நாள் ஹெரிபெர்ட்டின் தட்டு வண்டியில் குளிர்கால டயர்கள் வந்தன. சாலையோரத்திலேயே மாட்டினார்கள். என் கோட்டுப் பையிலிருந்த சாவியை அதற்குப் பிறகுதான் கேட்டு வாங்கிக்கொண்டான்.