சொந்தமில்லை என்று சொன்னேன்

எண்பதுகளின் கடைசியில் என் தம்பிக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனது. அவனுக்கு ஒன்பது வயது. ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டுக்குக் குடிவந்த எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் பதினேழு வயது நான்தான். டாக்டர் கேட்பதை அம்மாவுக்கும், அம்மா சொல்வதை டாக்டருக்கும் நான்தான் எடுத்துச் சொல்வேன்.

"அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா பட்டென்று சொன்னாள்: "ஆமா லா, எங்கம்மா கூடப்பொறந்த தம்பியத்தான் கட்டிக்கிட்டேன்."

"சொந்தமில்லை" என்று டாக்டரிடம் சொன்னேன். தாய்மாமனைக் கட்டும் வழக்கத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒருதடவை வாயைத் திறந்தேன், வகுப்பே 'சீ' என்று சிரித்தது. இவரும் முகம் சுளித்தால் மானம் போகும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

தம்பிக்கு எலும்பு மஜ்ஜை கொடுக்க யாருடையது பொருந்தும் என்று பார்க்க, அண்ணனுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். இரண்டும் பொருந்தவில்லை. பெற்றோருடையது பாதிதான் பொருந்தும், பார்த்துப் பயனில்லை என்றார் டாக்டர். வெளிநாட்டில் மஜ்ஜை கொடுப்பவர்களின் பட்டியல் உண்டாம். அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்துவது அபூர்வமாம். "சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ கிடைத்திருக்கலாம்" என்று அவர் சொன்னதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லாமல் விழுங்கினேன்.

அப்போதாவது டாக்டரிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. பொய்க்காரி என்று தெரிந்துவிடுமே என்று பயந்து மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஒருநாள் காலை அவன் மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவே இல்லை. டாக்டரின் அறைக்கு ஓடி, அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினேன். அவர் திட்டவில்லை. அன்றே அப்பா, அம்மா இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அப்பாவுடையது பொருந்தியது.

அப்பாவுக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. "இவரக் கேளு, என் ரத்தத்த ஏன் மொதல்லயே பாக்கல? புள்ள இத்தன நாளு செத்துப் பொழைக்கிறான் லா!"

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பா கேட்டதை இங்கிலீஷில் சொல்லாமல் அப்பா பக்கமே திரும்பினேன்.

"அவரக் கேக்காதீங்கப்பா. நீங்க சொந்தமில்லன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "என் எலும்புலருந்து எப்ப ஊசி போட்டு எடுப்பாங்கன்னு கேளு" என்றார். "இந்தத் தடவ அவரு சொல்றத அப்படியே சொல்லு."