நெற்றிக் காசு

செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுவது என் வேலை. சாமி சிலைக்குக் கண் திறப்பது போல இதில் புனிதம் ஒன்றும் கிடையாது. எங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உயிரோடு இருந்தபோது படம் பிடித்துக்கொண்டவர்கள் அபூர்வம். ஆள் செத்த பிறகுதான் ஹட்டனிலிருந்து படக்காரர் மலையேறி வருவார். பிணத்தை லயத்து வரிசைவீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்திப் பிடிப்பார். அதை என்னிடம் கொண்டுவந்து, "உசுரோட இருந்த மாதிரி எழுதிக் குடுங்க" என்பார்கள். நான் ஹட்டனில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவன். பலகை வேலை இல்லாத நாளில் பிணங்கள் சோறு போட்டன.

மூடிய கண்ணைத் திறக்க வேண்டுமென்றால் அது எப்படிப்பட்ட கண் என்று யாராவது சொல்ல வேண்டும். அங்கேதான் சண்டை வரும். புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி, "அவருக்குப் பூனைக்கண்ணு" என்றாள். செத்தவனின் தம்பி பாய்ந்து வந்தான். "மதினி, எங்கண்ணனுக்கா பூனைக்கண்ணு? நீங்க யாரச் சொல்றீங்க?" அடிதடி வரைக்கும் போனது. யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் சொன்ன கண்ணைத்தான் நான் போடுவேன். கொஞ்ச காலம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தம்பிக்காரனே பூனைக்கண் என்று பேசிக்கொண்டிருப்பான். இந்த ஜனங்களுக்கு ஞாபகம் என்று ஒன்றும் கிடையாது என்று எனக்கு இளக்காரம். என் ஞாபகம் மட்டும் கல்லில் வெட்டியது என்று இருந்தேன்.

என்னிடம் அப்படி இருந்தது ஒரே காட்சி. நாடு சுதந்திரம் வாங்கிய வருஷமோ அடுத்த வருஷமோ, நான் சின்னப் பையன். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களம். பனி. கோட்டும் தலைப்பாகையும் போட்ட, ஆட்களை மேய்க்கும் கங்காணி பிரம்பை ஓங்கி அம்மாவின் நெற்றி நடுவில் அடிக்கிறான். அம்மா கூடையோடு உட்கார்ந்துவிடுகிறாள். அவன் சிரிக்கிறான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது.

நான் கரி எடுத்ததே அந்த முகத்தைக் கிறுக்கத்தான். பெரியவனானதும் தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவரில் அம்மன் காலடியில் கிடக்கும் அசுரனுக்கு அதே முகத்தை வைத்தேன். கோட்டு, தலைப்பாகை, உடைந்த பல். தோட்டமே வந்து பார்த்துச் சிரித்தது. கங்காணியும் பார்த்தான். கோயில் சுவர், அவனால் அழிக்கச் சொல்ல முடியவில்லை. என் வாழ்நாளில் அதைப் போல சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

அப்பா நல்லவர் என்று என் மனதில் இருந்தது. சம்பள நாளில் இலையில் கட்டிய தொதல் இனிப்பு வாங்கி வருவார். அவர் செத்தபோது அடைமழை. படக்காரர் மலையேறவில்லை, அதனால் படம் கிடையாது. பிறகு அம்மா செத்தபோது படம் பிடித்தோம். நெற்றி நடுவில் காசு. அந்த அடியின் தழும்பு அதற்குக் கீழே போய்விட்டது.

சில வருஷம் கழித்து அக்கா புருசன், என் மச்சானுக்கு விசா முடிந்தது. குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். என் அக்கா இங்கே பிறந்தவள், கடலையே பார்க்காதவள். அவளைத் திரும்பிப் போ என்றார்கள். எங்கே திரும்புவது? அம்மாவின் படத்தைக் கண் திறந்து தரச் சொன்னாள். பிள்ளைகளுக்கு அம்மாயி என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

எழுதிக் கொடுத்தேன். கண்ணைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. காசை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தழும்பை வைத்தேன்.

அக்கா படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். "கண்ணு அம்மா கண்ணேதான்டா. இந்த வெட்ட எதுக்கு எழுதின?"

"கங்காணி அடிச்சதுக்கா. பெரட்டுல. நான் பாத்தேன்ல."

"நீ எங்க பாத்த? நீ நம்ம காம்பரா மூலையில சாக்குக்குள்ள சுருண்டு கெடந்த. அடிச்சது அப்பா. சம்பள நாளு, தவறணையில குடிச்சிட்டு வந்து வெறகுக் கட்டையால போட்டாரு. லயத்துல கேட்டவங்ககிட்ட அம்மாதான், வெறகு பொறுக்கப் போன எடத்துல கங்காணி அடிச்சான்னு சொல்லிச்சி. எல்லாரும் நம்புனாங்க. அவன் அடிக்கிற ஆளுதானே."

"பொய் சொல்லாத."

"நான் ஏன்டா பொய் சொல்லப் போறேன், கப்பலேறப் போறவ? கோயில் சுவத்துல எழுதி வச்சிருக்கியே, அதப் போயிப் பாரு. கங்காணிக்குப் பல்லு வரிசையா இருந்திச்சி. ஒடஞ்ச பல்லு யாருக்குன்னு யோசி."

நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். ஊரை விட்டுப் போகிறவளிடம் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரம்பு என்று நான் சொல்கிறேன், கட்டை என்று அவள் சொல்கிறாள். அவள் சொல்வதும் ஞாபகம்தானே என்று என்னால் வாதாட முடிந்தது. பெரட்டும் பனியும் நான் சேர்த்துக்கொண்டவையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பல்லை நான் எங்கிருந்து எடுத்தேன்?

கடைசியில் தூரிகையை எடுத்தேன். "குடு, அழிச்சிடுறேன்."

"அழிக்காத. அது இருந்திச்சிதானே? பூவும் பொட்டுமா இருந்த காலத்து அம்மாவா ஆக்கு. பொட்டப் பெருசா வையி, மறஞ்சிரும். அம்மாவும் அப்பிடித்தான் வச்சிக்கிச்சி."

வைத்தேன். நெற்றி நடுவில், காசு இருந்த அதே இடத்தில், காசளவு குங்குமம். அம்மா நெற்றியில் அவ்வளவு பெரிய பொட்டைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இப்போது அம்மாவை நினைத்தால் அந்தப் பொட்டோடுதான் வருகிறாள். எதை நம்புவது என்று நானே சொல்ல முடியாது.

நானுஓயா ஸ்டேஷனில் படத்தைச் சேலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அக்கா ரயிலேறினாள். என்னிடம் அவள் சொன்னது, "வேளைக்குச் சாப்புடு" என்பது மட்டும்தான்.

அந்த வருஷம் திருவிழாவுக்குக் கோயில் சுவரைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். முதலில் அசுரனின் தலைப்பாகையை அழித்தேன். பிறகு கோட்டை. கங்காணிமேல் இரக்கப்பட்டு அல்ல. அவன் அடித்த அடிகளுக்கு இன்னும் பத்துச் சுவர் வேண்டும். ஆனால் இந்த அடி அவனுடையது இல்லை.

விளக்கு துடைத்துக்கொண்டிருந்த பூசாரி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கங்காணியார் கோட்டக் கழட்டிட்ட? மனுசனுக்குக் குளிராதா?"

"இது கங்காணி இல்லீங்க."

"பின்ன யாரு?"

அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். மூக்கு வரவில்லை, கண் வரவில்லை. கேட்டுப் போட ஒரு பிணப் படம்கூட இல்லை. சுவரில் இருந்த அந்தச் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. பற்களுக்கு வெள்ளை பூசினேன். உடைந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டேன்.