ஹனிபா அண்ணன் விற்ற லவெண்டர் எண்ணெய்

ஹனிபா அண்ணன் இறந்துவிட்டார் என்று எங்கள் தெருவின் வாட்சப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே அதில் இரங்கல் வந்திருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். கடை மூடியிருந்தது.

ஈப்போவில் அத்தரும் வாசனை எண்ணெய்களும் விற்றவர் அவர். நான்கு கடை தள்ளி அழகு நிலையம் நடத்தும் ஸ்டெல்லா நான். சந்தேகப்படுவதில் எனக்கும் அண்ணன் அவர். லவெண்டர் எண்ணெய் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் பார்த்த பிறகே விற்பார். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் தாளில் பிசுக்கு நிற்கும். "பிரான்சுன்னு லேபிள் ஒட்டிருந்தா ரெண்டு சொட்டு விடணும்லா" என்பார்.

ரோமர்கள் குளிக்கும் நீரில் லவெண்டர் போட்டதையும், கை வெந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்த எண்ணெய் பூசிக் குணமானதையும் சொல்வார். "வியாபாரி சொல்ற கதை தங்கச்சி, பாதிய நம்பு. தூக்கத்துக்கு, தலவலிக்கு நல்லாருக்கும். அதுக்கு மேல சொன்னா என்னையே நம்பாதே." நானும் அப்படியே நம்பாமல் இருந்தேன்.

ஒருநாள் அவரிடம் வாங்கிய லவெண்டர் எண்ணெயால் என்னிடம் மசாஜ் செய்துகொண்ட கல்யாணப் பெண்ணுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. என் பிழைப்பே போய்விடும் என்று பயந்து, அவர் கடைக்கு ஓடி, ஆட்கள் முன்னால் "கலப்பட எண்ணெய வித்து என்னைக் கெடுத்துட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் என்னோடு என் நிலையத்துக்கு வந்து, கண்ணாடி ஜன்னல் ஓரம் இருந்த புட்டியைத் திறந்து முகர்ந்தார்.

"எப்ப வாங்கினது?"

"போன வருசம்."

"ஒரு வருசமா வெயில்ல வெச்சிருக்கே, மூடியும் இறுக்கல. எண்ணெ ரோசாக் ஆயிடுச்சு தங்கச்சி. கெட்டுப்போனா தோல அரிக்கும்லா."

புட்டியின் ஊதா லேபிள் வெளியே தெரியட்டும் என்று அங்கே வைத்தவள் நான்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஹனிபா கடையில் கலப்படம் என்ற பேச்சு பரவி, வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். ஏன் வாய் திறக்கவில்லை, இதில் என்ன உள்நோக்கம் என்று அவரையே சந்தேகித்து, கடைசியில் கேட்டும் விட்டேன்.

"உன் கடைய நம்பி ரெண்டு பொண்ணுங்க வேல செய்யுது. என் கடைல நான் மட்டும்தானே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். சித்தியவானில் கட்டிக்கொடுத்த அவர் மகள் என்னைத் தனியே அழைத்து, "ஆன்ட்டி, அத்தா நெசமாவே கலந்தாரா?" என்று கேட்டாள்.

அவரை அறிந்தவர்களே, அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எண்ணெய் சுத்தமானது, கெடுத்தவள் நான். அவருடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பெயர் ஒன்றுதான். அதை இத்தனை நாள் நான் ஒளித்து வைத்திருந்தேன்.