தனி ஆளுக்கு பை-டூ

எங்கள் பெங்களூரில் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து இரண்டு பேர் குடிப்பதற்கு பை-டூ என்று பெயர். காபி ஒரு சாக்கு, அரட்டைதான் முக்கியம். எலெக்ட்ரானிக் சிட்டியில், நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் காபி போடும் ஜெயலட்சுமி அக்கா, வருடக்கணக்காக அதைச் சிரித்தபடி பிரித்துக் கொடுத்தவர். வாணியம்பாடிக்காரர். கணவர் போன பிறகு இங்கே பாத்திரம் கழுவ வந்து, காபி மேடைக்கு உயர்ந்து, மகள் தாரணியை இன்ஜினியராக்கியவர். மகளும் மாப்பிள்ளை தருணும் வேலையை விடச் சொல்லிக் கெஞ்சியும் விடவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

இந்த வருடம் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனியாக வந்து, "அக்கா, ஒரு பை-டூ" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கூட ஆளே இருக்காது. பாதிக் காபி போதும் என்று சொல்ல வெட்கம். போன வருடம் முழு டம்ளர் வாங்கிப் பாதியைக் கொட்டிவிட்டுப் போன மகராசர்கள்தான்! அப்படிக் கேட்டவர்கள் கொஞ்ச நாளில் கண்ணிலேயே படவில்லை. அவர்கள் தங்கியிருந்த பக்கத்து பி.ஜி. விடுதிகளில் கட்டில்கள் காலியாகின. பை-டூ என்று காதில் விழுந்தாலே, கேட்டவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறதா என்றுதான் அக்கா முதலில் பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை நான் வடைக்காக நின்றிருந்தபோது தருண் வந்தார். எப்போதும் நாலைந்து கூட்டாளிகளோடு வருபவர், அன்று தனியாக வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டையும் இல்லை.

"அத்தே, ஒரு பை-டூ."

அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இன்னொன்னு யாருக்கு மாப்ள?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "திங்கக்கிழமையே அனுப்பிட்டாங்க அத்தே. தாரணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தாரணிக்கு ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு இருந்ததால் அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தாரணிதான். அக்காவின் இரண்டு கையிலும் பாலும் டிகாஷனும். பழக்கதோஷத்தில் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"அம்மா, அவரு இன்னிக்கு காபிக்கு வந்தாரா? ரெண்டு நாளா மொகமே சரியில்ல. ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சினையா? எனக்கு பயமா இருக்கும்மா."

தருண் கண்ணாலேயே கெஞ்சினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அக்கா, போன் பக்கம் குனிந்து சொன்னார்.

"வந்தாருடி. கூட்டாளிங்களோட சிரிச்சிக்கினு போனாரு. நீ மனசப் போட்டு கொழப்பிக்காத."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "அப்பாடா! இப்பதாம்மா உசுரு வந்துச்சு. என்னை நேத்தே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அவருக்கு வேலை இருக்குன்ற தைரியத்துலதான் அழாம ஒக்காந்திருக்கேன். அவருகிட்ட சொல்லிடாதம்மா."

அக்கா பாலையும் டிகாஷனையும் மேடையில் வைத்துவிட்டு தருணைப் பார்த்தார்.

"அம்மா, நான் பேசறது கேக்குதா?" என்றாள் தாரணி.

கேட்டது. தருணுக்கும் கேட்டது.