நரகத்துப் பூ போட்ட நைட்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, பெண்கள் சங்கக் கூட்டத்துக்காக சர்ச் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் விரித்த பாயில் ஒரு குவியல் நைட்டி.

ஜெபக்கூட்டத்தில் நைட்டியா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் எல்லாம் “நாய் இருக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். இருக்கிறது ஐயா, இருக்கிறது. ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் நாயைவிட நைட்டி அதிகம். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறீர்களே... நீங்கள் போட்டிருக்கும் அந்த நைட்டி அநேகமாக எங்கள் பக்கத்துச் சரக்குதான்.

குவியலுக்குச் சொந்தக்காரி ஸ்டெல்லா. என் எதிர்வீட்டுப் பெண். பல வருடமாகக் கொழுந்தன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவள், இந்த வருடம்தான் துணிந்து சொந்தமாக மூன்று மிஷின் போட்டாள். இது அவளுடைய முதல் லாட். கிறிஸ்துமஸுக்குள் இது விற்காவிட்டால், மிஷினை மூடி வைத்துவிட்டு மறுபடியும் கொழுந்தனிடமே போய் நிற்க வேண்டும். அவர் வேறு, “எம்புட்டு நாளைக்குன்னு பாப்போம் மதினி” என்று சிரித்திருக்கிறார்.

நைட்டித் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பூ இல்லாவிட்டால் ஓடாது. கட்டம் போட்டது, கோடு போட்டது எல்லாம் கடையிலேயே கிடந்து வெளுக்கும். அதனால் ஊர் முழுக்க அதே ரோஜா, அதே செம்பருத்தி. ஸ்டெல்லாவுக்கு ஓர் ஆசை – இதுவரை யாருமே போடாத பூவைப் போட வேண்டும். போனில் தேடித் தேடி ஒரு படத்தைப் பிடித்தாள். கருஞ்சிவப்பு நிறம். மொட்டு மாதிரி குவிந்த இதழ்கள். மேலெல்லாம் மெல்லிசான முள். ஏதோ வெளிநாட்டுத் தாமரை என்று நினைத்து, பிரிண்ட் போடுகிறவருக்கு அனுப்பிவிட்டாள். அவரும் பூ என்றே நினைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்!

அழகாகத்தான் இருந்தது. நான் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சங்கத் தலைவி ரோசம்மா அக்காவும் ஒன்று எடுத்தார். அக்கா எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள். அக்கா வைத்தால் எல்லோரும் வைப்பார்கள். எங்கள் சங்கம் அப்படி.

அப்போதுதான் மம்சாபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருக்கும் புது மருமகள் ஒருத்தி, “இது என்ன பூவுன்னு பாப்போமே” என்று போன் கேமராவை நைட்டிக்கு நேராகக் காட்டினாள். இந்தக் காலத்துப் போன் சும்மா இருக்குமா?

“அக்கா, இது பூ இல்லியாம். ஏதோ கடல் பிராணியாம். வாம்பயர் ஸ்க்விட்.”

“அப்படின்னா?”

“ரத்தக்காட்டேரிக் கணவாய்...” போனை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். “சயின்ஸ் பேருல நரகம்னு வேற வருதுக்கா.”

ஹாலில் ஒரே சத்தம்.

“ஏட்டி ஸ்டெல்லா! சர்ச்சுக்குள்ளயே பேயக் கொண்டாந்து வச்சிருக்கியே!”

“இத உடுத்திட்டு நான் எப்படிட்டி ராத்திரி ஜெபம் பண்ணுவேன்?”

ரோசம்மா அக்கா நைட்டியை அழகாக மடித்துக் குவியலில் திரும்ப வைத்தார். அவ்வளவுதான். எல்லா மடியிலிருந்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நான் மட்டும் என்னுடையதை விடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள் – என் சைஸில் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஸ்டெல்லா வந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அக்கா, நீங்க பத்திரிகையில எழுதுறவிய. நீங்க சொன்னா கேப்பாவ. அது பூதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா.”

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஆனாலும் கணவாயைப் பூ என்று எந்த வாயால் சொல்வது? சரி, அது என்னதான் என்று பார்ப்போம் என்று உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே கோபம் வந்தது. இப்படியுமா ஓர் அப்பிராணிக்குப் பெயர் வைப்பார்கள்?

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லாவையும் குவியலையும் இழுத்துக்கொண்டு போனேன்.

“இது ரத்தம் குடிக்காது” என்று ஆரம்பித்தேன். கணவாயும் இல்லை, ஆக்டோபஸும் இல்லை; இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம். ஒரு அடி இருந்தால் அதிகம். கைகளுக்கு நடுவே குடைத்துணி மாதிரி தோல். யாராவது துரத்தினால் அதைத் தலைக்கு மேல் புரட்டிப் போட்டுக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஸ்டெல்லா பார்த்த மொட்டு அதுதான். அதாவது, பயந்துபோய்ப் போர்த்திக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்துத்தான் எங்கள் சங்கமே பயந்திருக்கிறது!

அதன் பங்காளிகள் கதை வேறு. டைனோசர் காலத்தில் பெரிய கூட்டமாக இருந்திருக்கிறார்கள். பாறையில் பதிந்த உடம்பின் அச்சைப் பார்த்து, சிலர் நல்ல பலமான கைகளோடு வேட்டையாடித் தின்றவர்கள் என்கிறார்கள். அந்த வீராதி வீரர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வம்சத்தில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான்.

கூட்டம் பாதி காதில்தான் கேட்டது. ரோசம்மா அக்கா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ரத்தம் குடிக்கலேன்னா, வேற எதத் திங்கும்?”

“மேல இருந்து விழுறதத்தான்கா. மேல்கடல்ல உள்ளதுக தின்னது போக, செத்தது சிதறுனது எல்லாம் தூள்தூளா கீழ இறங்குமாம். நூல் மாதிரி ஒண்ண நீட்டி அதச் சேத்து, உருட்டி உருட்டித் திங்கும்.”

“யாரையும் அடிச்சுத் திங்காதா?”

“திங்காதாம்.”

“எல்லாரும் தின்ன பொறவு, மிஞ்சினது?”

“ஆமாக்கா.”

“அங்கன காத்தாவது ஒழுங்கா வருமா?”

“அம்புட்டு ஆழத்துல தண்ணியில காத்தும் கம்மிதான். மத்ததுக அங்க ரொம்ப நேரம் இருக்கவே முடியாதாம். இது பாட்டுக்கு இருக்கும்.”

ஒவ்வொருத்தியும் அவளவள் அடுப்படியை நினைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஜன்னல் இல்லாத அடுப்படி. எல்லோரும் கை கழுவிய பிறகு, குழம்புச் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நின்றபடியே உருட்டி வாயில் போட்டுக்கொள்ளாதவள் எங்களில் யார்?

“அந்த வேட்டையாடித் தின்னவனுவ எல்லாம்?” என்றார் அக்கா.

“கல்லாப் போயிட்டானுவக்கா.”

ரோசம்மா அக்கா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“பேயாவது பிசாசாவது! அது நம்ம ஆளுட்டி. ஏட்டி ஸ்டெல்லா, எனக்கு ரெண்டு எடு!”

பாய் காலியாகச் செத்த நேரம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லா அழுதாள்; இந்த முறை எனக்குப் பாவமாக இல்லை. இப்போது எதிர்வீட்டில் மூன்று மிஷினும் ராப்பகலாக ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்த விஞ்ஞானி எப்படிப்பட்டவரோ, எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பிட்ட தட்டை ஒருநாளும் எடுத்து வைத்திருக்க மாட்டார் – அது மட்டும் நிச்சயம்.